சேமித்த நேரம்: மாலை 4.05

ஆகஸ்ட் 3, திங்கள்

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இப்படியே படித்துக்கொள்.

ஏன் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ தொண்டையைச் செருமிவிட்டு "அக்கா" என்று ஆரம்பித்தால் நான் உருகிவிடுவேன். அது எனக்கு வேண்டாம். கேட்பதை எழுத்தில் கேட்கிறேன், பதிலையும் எழுத்திலேயே அனுப்பு. நீ கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன்.

ஜூலையில் நீ அனுப்பிய பென் டிரைவை நேற்றுத்தான் திறந்தேன். அப்பா போய் இரண்டு மாதம் ஆகப் போகிறது, அதுவரை மனசு வரவில்லை. அவருடைய கடைசிக் கடிதத்தை அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் போனில் எடுத்த படமாகக் காட்டினாய். கண்ணீரில் பாதி எழுத்து தெரியவில்லை. நேற்று நிதானமாகப் படித்தேன். நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

"மகளுக்கும் மகனுக்கும். ஏப்ரலில் மூச்சு மெஷினில் போட்ட மாதிரி இன்னொரு தடவை என்னைப் போட வேண்டாம். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவனைவிட வெளியே காத்திருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இதைப் பார்த்திருக்கிறேன். யாரும் எனக்காக இன்னொரு ஒன்பது நாள் நாற்காலியில் உட்கார வேண்டாம். இது சுயபுத்தியோடு எழுதியது. அப்பா."

படித்து அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், அந்தக் கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். என் பிழைப்பே அதுதானே. டிப்போ டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுகிறவள் நான். டயர் பஞ்சர், பாலத்தில் நெரிசல் என்று ஓட்டுநர்கள் ஆயிரம் கதை சொல்வார்கள். சீட்டில் குத்தியிருக்கும் நேரத்தை மட்டும்தான் நான் பார்ப்பேன்.

கடைசியாகச் சேமித்த நேரம் ஜூன் 9, மாலை 4.05 என்று அதில் இருக்கிறது.

அதிர்ந்துபோனேன். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதே 4.05.

நீ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து. அன்றைக்குக் காலை பட்டறைக்குப் போன நீ, ஒரு வரைபடத்தை மறந்துவிட்டதால் பத்தே முக்காலுக்கு வீடு திரும்பினாய். அப்பா குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். பதினொன்றுக்கு ஆம்புலன்ஸ். அதற்குப் பிறகு அவருக்கு நினைவு திரும்பவே இல்லை. மெஷினில் போடுவதா வேண்டாமா என்று ஐந்து மணிக்குள் முடிவு சொல்லும்படி டாக்டர் கேட்டார். ஏப்ரல் மாத ரிப்போர்ட்டுகளை எடுக்க மூன்றரைக்கு நீ வீட்டுக்கு வந்தாய், நாலரைக்குத் திரும்பிப் போனாய். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் உன்னைத் தவிர யாரும் இல்லை. உன் மனைவி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கணினியில் அப்பாவின் கடிதம் திறந்திருந்ததாகச் சொல்லி, அதைப் படம் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டி, "மெஷின் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாய்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நான் உன்னிடம் போனில் என்ன சொன்னேன்? எது வேண்டுமானாலும் செய்யச் சொல், நான் கிளம்பிவிட்டேன் என்றேன். மறுநாள் காலை 8.40க்கு அப்பா போனார். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பஸ் மாறி மாறி நான் வந்து இறங்கியது 9.30. ஐம்பது நிமிடம். மெஷின் இருந்திருந்தால் உயிரோடு பார்த்திருப்பேன்.

இன்னொன்று. ஏப்ரலில் மெஷினில் கிடந்தபோது அப்பாவுக்குப் பிரக்ஞை கிடையாது. 'ரெண்டு மூணு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன்' என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நாமும் திருத்தவில்லை. ஒன்பது என்று எண்ணியது நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்த நீயும் நானும்தான். அந்த ஒன்பது எப்படிக் கடிதத்துக்குள் வந்தது?

சின்ன வயதிலிருந்தே அப்பா பேசுவது மாதிரி அச்சு அசலாகப் பேசிக் காட்டுவாய். அத்தை எத்தனை தடவை ஏமாந்திருக்கிறாள். எழுதவும் வரும் என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கடிதத்தை நீயா எழுதினாய்?

அக்கா

*

ஆகஸ்ட் 10, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் 'அன்புள்ள' போட்டிருக்கிறேன். எனக்குக் கை வந்தது.

உன் கடிதம் வந்த அன்று பட்டறையில் ஒரு சமையலறை அலமாரிக்குப் பலகை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கொடுத்த அளவு தப்பு. பதினாறு கதவும் இரண்டு அங்குலம் குட்டை. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்ன யோசனை என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

உன் கேள்விக்குப் பதில்: நான் எழுதவில்லை. எழுதியது அப்பா.

நேரம் ஏன் அப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும். நீ கேட்பதற்கு முன்பே, ஜூன் மாதமே தெரியும். ஆனால் அதைச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. காரணத்தையும் கேட்காதே. என் மேல் உனக்குக் கோபம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். என் சைக்கிளை நீ உடைத்ததற்கு நான் அடி வாங்கியிருக்கிறேன், உன் மார்க் ஷீட்டில் நான் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவும் அந்தக் கணக்கில் சேரட்டும்.

அன்றைக்கு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போன தடவையைவிட நுரையீரல் மோசம், இந்தத் தடவை மெஷினில் போட்டால் எடுக்க முடியாமலே போகலாம் என்றார். இதையெல்லாம் உன்னிடம் அப்போதே சொன்னேன். நீ கேட்கிற நிலையில் இல்லை. பாதி வழியில் நீ போனை எடுக்கவும் இல்லை. ஐந்து தடவை முயற்சி செய்தேன்.

ஒரே ஒரு உதவி செய். அந்தக் கடிதத்தை அப்படியே நம்பு. நேரத்தைப் பார்க்காதே. நாலு மாதம் போகட்டும், ஆற அமர ஒரு நாள் உட்கார்ந்து பேசலாம். இப்போது கிளறினால் உனக்குத்தான் வலிக்கும்.

இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் போடு.

தம்பி

*

ஆகஸ்ட் 14, வெள்ளி

தம்பிக்கு,

எனக்கு வலிக்கும் என்று நீ கவலைப்படுகிறாயா? நல்ல கரிசனம்.

பதில் வருவதற்குள் நானே பத்துச் சமாதானம் யோசித்து வைத்திருந்தேன். தெரியாமல் ஏதோ பொத்தானை அழுத்திச் சேமித்திருப்பாய் என்று ஒன்று. எழுத்துப்பிழை திருத்தியிருப்பாய் என்று ஒன்று. அதில் எதைச் சொல்லியிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன். நீ என்னடாவென்றால், 'தெரியும், சொல்ல மாட்டேன்' என்கிறாய்.  ஒரு தப்பும் செய்யாதவன் இப்படி எழுதுவானா?

டிப்போவில் ஒரு ஓட்டுநர் இருந்தார். கோயில் மாடு என்று பட்டப்பெயர். இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, 'காரணம் இருக்கு மேடம், ஆனா கேக்காதீங்க' என்றார். கௌரவமான மனுஷன் என்று விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, வழியில் ஒரு ஆளை பஸ்ஸால் அடித்துப் போட்டுவிட்டு நிறுத்தாமல் வந்திருக்கிறார். அன்றிலிருந்து கேட்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

இரண்டு காரியம் செய்திருக்கிறேன். மறைத்துச் செய்யும் வழக்கம் எனக்கு இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, என் முதல் கடிதத்தின் நகலை உன் மனைவிக்குப் பள்ளிக்கூட முகவரியில் அனுப்பிவிட்டேன். அவளும் அந்த வீட்டில் இருக்கிறவள்தானே.

இரண்டு, ஆஸ்பத்திரியின் புகார்க் குழுவுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். நோயாளி கையெழுத்துப் போடாத, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு கடிதத்தைப் போன் திரையில் பார்த்துவிட்டு டாக்டர் எப்படிச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று கேட்டிருக்கிறேன். உன் பெயரும் இருக்கிறது, அந்த டாக்டரம்மா பெயரும் இருக்கிறது. 24-ம் தேதி திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பேன். அதற்குள் நேரத்துக்குக் காரணம் வந்தால் பார்க்கலாம்.

நான் சும்மா மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. அப்பாவிடம் கடைசியாக ஞாயிற்றுக்கிழமை பேசியதோடு சரி, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இதற்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அக்கா

*

ஆகஸ்ட் 19, புதன்

அக்கா,

நேற்றுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உன் நகலை மேசையில் வைத்தாள். படித்தேன். நான் நிமிர்ந்து பார்ப்பதற்காகக் காத்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"நீங்களா எழுதினீங்க?"

பதினொரு வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவள். நீ கேட்டபோது எனக்கு இவ்வளவு அடிக்கவில்லை. அதிர்ந்துபோய்ப் பேச்சே வரவில்லை, அந்தப் பேச்சு வராத நேரத்தையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த டாக்டரோ பாவம், மூன்று தடவை வெளியே வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தவர். அவர் எதற்காகப் புகாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்?

ஆகவே சொல்கிறேன். நீ வற்புறுத்தித்தான் சொல்கிறேன் என்பதை மட்டும் ஞாபகம் வை.

நம் வீட்டில் இருப்பது ஒரே கணினி. அலமாரிப் பலகைகளுக்கு அளவு போடும் என் மென்பொருள் பழைய இயங்குதளத்தில்தான் ஓடும். அப்பாவுக்கு அது ஆகவில்லை. இது வேண்டுமா, அதைப் புதுப்பிக்கவா என்று திரையில் ஏதாவது எழும்பிக்கொண்டே இருக்கும், அவர் எல்லாவற்றுக்கும் 'சரி' அழுத்துவார். ஏப்ரலில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஏதாவது எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதனால் மே முதல் வாரத்தில் வன்தட்டை இரண்டாகப் பிரித்து, மறுபாதியில் இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு இயங்குதளத்தை நிறுவினேன். எழுத்துப் பெரிதாக, பொத்தான் நாலே நாலு, வேறு தொந்தரவு கிடையாது. கணினியைப் போட்டதும் இரண்டு வரி வரும். மேல் வரி என்னுடையது, கீழ் வரி அவருடையது. அம்புக்குறியால் நகர்த்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. 'மாடி பட்டன் மாதிரிதான்' என்று வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டினார்.

இப்போதுதான் விஷயம். கணினிக்குள் ஒரு சின்ன பேட்டரியில் ஓடும் கடிகாரம் இருக்கிறது. இரண்டு தளத்துக்கும் சேர்த்து அது ஒன்றுதான். என் பழைய தளம், அந்தக் கடிகாரம் காட்டுவது நம் ஊர் நேரம் என்று நினைத்துக்கொள்ளும், அதில் நம் ஊர் நேரத்தைத்தான் வைக்கும். அப்பாவின் புதுத் தளமோ, அது காட்டுவது உலகப் பொது நேரம் என்று நினைத்துக்கொண்டு, நம் ஊருக்காக அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டும். ஏற்கெனவே ஊர் நேரமாக இருப்பதோடு இன்னொரு ஐந்தரை. காலை பத்து என்றால் அப்பாவின் பக்கத்தில் மாலை மூன்றரை.

இணையம் இருந்தால் அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும். அப்பா பக்கத்தில் நான் இணையத்தைத் துண்டித்துவிட்டேன். ஏன் என்று உனக்கே தெரியும், பரிசு விழுந்திருப்பதாக வந்த செய்திக்கு முழு முகவரியையும் கொடுத்தவர்.

இரண்டு தளம் வைக்கிற எல்லோருக்கும் வருகிற கோளாறுதான் இது. சரிசெய்ய ஒரு வரிக் கட்டளை போதும், அரை நிமிட வேலை. அப்பா முதல் வாரமே சொன்னார். "டேய், என் மாடியில மட்டும் எப்பவும் சாயங்காலமா இருக்குடா." ஞாயிற்றுக்கிழமை சரி பண்ணுகிறேன் என்றேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமை போனது. கைக்கடிகாரம்தான் கட்டியிருக்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

என் வார்த்தையை நம்ப வேண்டாம், நீதான் சீட்டைப் பார்க்கிறவள் ஆயிற்றே. அதே பென் டிரைவில் அப்பாவின் எல்லாக் கோப்புகளும் இருக்கின்றன. 'கண் டாக்டர்' என்று ஒன்று இருக்கும். மே 23 சனிக்கிழமை, நீ இங்கே வந்திருந்தபோது அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாயே, அங்கே கேட்பதற்காக அவர் தட்டி வைத்த ஏழு கேள்விகள். அச்செடுத்துக் கொடுத்தது நான். மூன்று மணிக்கு உள்ளே போய் அந்தத் தாளை வாசித்தது நீ. ஐந்தரை வரை அவர் உன் பக்கத்தை விட்டு நகரவில்லை. கோப்பு எத்தனை மணிக்குச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்.

ஜூன் 9 அன்று நான் மூன்றே முக்காலுக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தேன், அது காலையிலிருந்து அணைக்கப்படாமல் இருந்தது. மாத்திரைப் பட்டியல் அதில்தான் இருந்தது. பார்த்தால் இந்தக் கடிதம் திரையில் இருக்கிறது. நான் படம் மட்டும் எடுத்தேன், எதையும் தொடவில்லை.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பாவின் போன் என்னிடம் இருக்கிறது. ஜூன் 9 காலை வந்த அழைப்புகள் அதில் அப்படியே இருக்கின்றன. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை, உன்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மனுவை மட்டும் அனுப்பாதே.

தம்பி

*

ஆகஸ்ட் 27, வியாழன்

அன்புள்ள தம்பிக்கு,

மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் மனைவிக்கும் மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

'கண் டாக்டர்' கோப்பைத் திறந்தேன். மே 23, மாலை 4.20. அந்த நேரத்தில் அப்பா சொட்டு மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தார். வாசித்து முடித்த தாள் என் கைப்பையில் இருந்தது. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் காலை 10.50. நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார், நான் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொண்டேனே. நேரம் குத்துகிற மெஷினே தப்பாக ஓடலாம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அந்தக் கடிதத்துக்கும் ஐந்தரையைக் கழித்தேன். 10.35.  

அன்று காலை நான் அப்பாவைக் கூப்பிட்டது உனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என்ன பேசினேன் என்று தெரியாது. சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் கடைசியாகப் பேசினேன் என்று எல்லோரிடமும் சொன்னது பொய். செவ்வாய்க்கிழமை காலை 10.01க்கு டைம் ஆபீஸிலிருந்து கூப்பிட்டேன். பதினாலு நிமிடம் பேசினோம். ராத்திரியிலிருந்து மூச்சு ஒரு மாதிரி இழுக்கிறது, ஒரு நடை வந்துவிட்டுப் போகிறாயா என்று அப்பா கேட்டார். உன்னிடம் சொன்னாரா என்றேன். அவன் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தான், சொல்லவில்லை என்றார். ஏப்ரலில் எடுத்த விடுப்புக்கே எனக்கு மெமோ வந்திருந்தது. வெளியே இரண்டு ஓட்டுநர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் சாக்கு. நான் சொன்னது இதுதான்.

"அப்பா, இன்னொரு தடவை ஒன்பது நாள் அந்த நாற்காலியில என்னால உட்கார முடியாதுப்பா."

 அவர் கேட்டார், "ஒன்பது நாளா இருந்தேன்?"

ஆமாம் என்றேன். "சரிம்மா. நீ வேலையைப் பாரு" என்றார். கோபமே இல்லை. குரல் எப்போதும்போல இருந்தது. அதனால் நானும் வேலையைப் பார்த்தேன்.

அந்த ஒன்பது எப்படிக் கடிதத்துக்குள் வந்தது என்று உன்னிடம் கேட்டேனே, அதைக் கேட்டபோதே உள்ளுக்குள் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நீ எழுதியதாக இருந்தால் அது உன் ஒன்பது. அப்படி இருக்கட்டும் என்றுதான் உன் மேல் அப்படிப் பாய்ந்தேன் போலிருக்கிறது. 4.05 என்பதைப் பார்த்தபோது அதிர்ந்தேன் என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்தது, ஒரு தெம்பு. அதை எழுதவில்லை.

நீ எழுதவில்லை, நான்தான் எழுதவைத்தேன். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. டிப்போவில் எல்லாரும் என்னவென்று கேட்கிறார்கள், தலைவலி என்கிறேன்.

நிறுத்தியிருக்கலாம், ஆனால் எனக்குத்தான் விவரம் பார்க்காமல் இருக்க வராதே. சேமித்த நேரத்துக்கு மேலே இன்னொரு வரி இருக்கிறது, கோப்பை முதலில் உருவாக்கிய நேரம். மாலை 3.46. ஐந்தரையைக் கழித்தால் 10.16. நான் போனை வைத்தது 10.15.

அப்பாவின் போன் ஜன்னலோரம் சார்ஜில் இருக்கும். அங்கிருந்து தடியூன்றிக் கணினி மேசைக்கு வர அவருக்கு ஒரு நிமிடம் ஆகும்.

அக்கா

*

செப்டம்பர் 1, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து பதினாறு தடவை கூப்பிட்டுவிட்டேன், எடுக்க மாட்டேன் என்கிறாய். டைம் ஆபீஸுக்கும் போன் செய்தேன். மூன்று நாளாக விடுப்பு என்றார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நானும் என் மனைவியும் கிளம்புகிறோம். இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடுகிறேன், எங்களுக்கு முன்னால் வந்துவிடும். நேரில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னதால்தான் அப்பா எழுதினாரா என்று கேட்டால், இருக்கலாம். இல்லை என்று நான் பொய் சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய். ஆனால் அவர் அதைத் தட்டி முடிக்கப் பத்தொன்பது நிமிடம் ஆகியிருக்கிறது. அவ்வளவு நேரத்தில் அவர் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. பிடிக்காத காரியத்தை அவரை யாரும் செய்யவைக்க முடியாது என்பது உனக்கும் தெரியும். அவருக்கு மூச்சு இழுத்தது ராத்திரியிலிருந்து. பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே 'வரேன்ப்பா' என்று சொல்லிவிட்டுப் போனேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உன்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். பாதிதான் அது. என் மனைவி கேட்டபோது எனக்கு உடனே ஏன் பதில் வரவில்லை என்று நீ யோசித்தாயா? அவள் யோசித்தாள்.

அந்த ஒரு மணி நேரம் என்ன செய்தாய் என்றுதானே உன் முதல் கடிதம் முழுக்க இருந்தது. சொல்கிறேன். மூன்றே முக்காலுக்குக் கடிதத்தைப் படித்தேன். ஏப்ரலில் அந்த ஒன்பது நாளில் நான் பட்டது உனக்குத் தெரியும். அன்று வராந்தாவில் நிற்கும்போதே மறுபடி அதே நாற்காலி, அதே மெஷின் சத்தம் என்று எனக்குக் குலை நடுங்கியது. கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. வாய்விட்டே சொன்னேன், வீட்டில் யாரும் இல்லாததால் யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு, அப்பா அங்கே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது, நான் கணினிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்து இருபது நிமிடம் தூங்கினேன். ஏப்ரலுக்குப் பிறகு எனக்கு வந்த முதல் நல்ல தூக்கம் அது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நீயா எழுதினாய் என்று நீயும் கேட்டாய், அவளும் கேட்டாள். நான் எழுதவில்லை, அது சத்தியம். ஆனால் அன்றைக்குத் திரையில் அந்தக் கடிதம் இல்லாமல் இருந்திருந்தால், நானே உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை, அக்கா.

தம்பி